கம்ப்யூட்டர் அறைச் சாவி

ஆசிரியர் பயிற்சி நிலையத்தில் ப்யூன் வேலை என்பது பாதி நாள் பெல் அடிப்பது, மீதி நாள் பூட்டுவது. கொச்சி மட்டாஞ்சேரியில் இருபத்தெட்டு வருடம் அதைச் செய்தேன். சங்கத்தில் கிளைப் பொறுப்பும் வைத்திருந்தேன். பள்ளிப்படிப்பு ஏழாவதோடு நின்றது. மற்றதெல்லாம் துண்டுப் பிரசுரங்களில் படித்தது. ஏதோ ஓர் ஆபீசில் ஏதோ ஒரு சாவிக்குப் பொறுப்பாக இருந்து, அதனாலேயே கெட்ட பெயர் வாங்கியவர்களே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

வராந்தாவில் மூன்று நாள்

தொண்ணூறுகளின் கடைசியில் எங்கள் நிலையத்துக்கு ஆறு கம்ப்யூட்டர்கள் வந்தன. ஆசிரியர் வேலையைத் தின்ன வந்த யந்திரம் என்று நானே நோட்டீஸ் எழுதி, நானே கேட்டில் ஒட்டி, நானே கோஷம் போட்டேன். சுமைத் தொழிலாளிகளும் என் பேச்சைக் கேட்டுப் பெட்டிகளை உள்ளே கொண்டுபோகவில்லை. மூன்று நாள் அவை வராந்தாவில் மழைச் சாரலில் கிடந்தன. நான்காம் நாள் மேலிடத்தில் பேச்சுவார்த்தை முடிந்தது; எனக்குச் சொல்லாமலே முடிந்தது.

அன்று சாயங்காலம் பிரின்சிபால் கூப்பிட்டார். சிரிக்காமல் குத்துகிற ஆள். அறைச் சாவியை என் கையில் வைத்து மலையாளத்தில் சொன்னார்: "சேட்டா, இங்கே இதைத் தொட ஆசையில்லாத ஒரே ஆள் நீங்கதான். சாவி உங்ககிட்ட இருந்தாத்தான் பத்திரம்."

சார்ட்டில் ஒரு கீபோர்டு

பத்திரம் என்றால் அப்படி ஒரு பத்திரம். செருப்பைக் கழற்றி, காலைத் துடைத்துவிட்டுத்தான் உள்ளே போகலாம். வைரஸ் வரும் என்று பிளாப்பிக்குத் தடை. நாற்பது பேருக்கு ஆறு கம்ப்யூட்டர். அதிலும் இரண்டு, அந்த மூன்று நாள் சாரலிலேயே செத்திருந்தன. அதைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

பயிற்சிக்கு வரும் பெண்களுக்கு எதையும் சார்ட் பேப்பரில் வரைந்தே பழக்கம். இலை, இதயம், எரிமலை எல்லாம் சார்ட். கீபோர்டையும் ஆளுக்கொன்று வரைந்து, பெஞ்சில் விரித்து, விரலால் குத்திப் பழகினார்கள். செய்முறைத் தேர்வு நாளில் கரண்ட் இல்லை. ஒருத்தி தன் சார்ட்டை ஆணியில் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டியே பாடம் நடத்தி முடித்தாள். தேர்வாளர் முழு மதிப்பெண் போட்டுவிட்டு வெளியே வந்து, நான் கொடுத்த சாயாவைக் குடித்தபடி சொன்னார்: "நிஜத்தைவிட இது தேவலை சேட்டா, நடுவுல நின்னு போகாது."

செல்வியின் பாடம்

சில வருடம் கழித்து இன்டர்நெட் வந்தது. கூடவே, ஏற்கெனவே வேலையில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் ஆன்லைன் பயிற்சி வந்தது. கம்ப்யூட்டரில் படித்து, மாதிரி வகுப்பு ஒன்றை எழுதி, கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். அனுப்பினால் சான்றிதழ். அது இல்லாத தற்காலிக ஆசிரியர் பெயர் நிரந்தரப் பட்டியலில் ஏறாது.

செல்வி எங்கள் காலனிப் பெண். அவள் அப்பா நகரசபைத் துப்புரவுத் தொழிலாளி, என்னோடு கொடி பிடித்தவர். பக்கத்துப் பள்ளியில் தமிழ்ப் பிரிவுக்கு அவள் ஆறு வருடமாகத் தற்காலிக டீச்சர். தமிழில் அவள் தட்டியதெல்லாம் எங்கள் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வந்தது. மலையாள எழுத்து மட்டும் ஏற்றியிருந்தார்கள். அதிலேயே எழுதச் சொன்னார்கள். நான் கொதித்துப் போனேன். மொழியுரிமை பற்றி மனதுக்குள் ஒரு நோட்டீஸே எழுதிவிட்டேன். அதற்குள் அவள் இரண்டாம் பக்கத்துக்குப் போயிருந்தாள். "விடுங்க மாமா, எனக்குத் தமிழைவிட மலையாளந்தான் வேகமா வரும்."

மூன்றாவது கோரிக்கை

பாடம் எழுதி முடித்தாள். அனுப்புவது மட்டும் பாக்கி. அந்த நேரம் பார்த்து நான்கு நாள் நெட் வரவில்லை. கெடுவுக்கு முந்தின ராத்திரிதான் திரும்பி வந்தது. கெடு நாளன்று எல்லாச் சங்கங்களும் சேர்ந்து வேலைநிறுத்தம். பஸ், கடை, இன்டர்நெட் கஃபே எல்லாம் அடைப்பு. கெடு தள்ளிப்போகும் என்று எங்கள் செயலாளர் சொல்லியிருந்தார். நான் நம்பினேன்.

செல்வி நடந்தே வந்தாள். நான் கேட்டில் கொடியோடு நின்றேன். சாவி என் இடுப்பில். அவள் பாடம் உள்ளே நான்காம் கம்ப்யூட்டரில்.

"பத்தே நிமிஷம் மாமா. யாருக்கும் தெரியாது."

"எனக்குத் தெரியுமே."

ஒருவன் ஒரு கதவைத் திறந்தால் போராட்டம் முழுவதும் திறந்துகொள்ளும் என்று அவளுக்கு விளக்கினேன். நன்றாகவே பேசினேன். அவள் கேட்டில் நான் ஒட்டியிருந்த நோட்டீஸை மேலிருந்து கீழே வாசித்தாள். 'தற்காலிக ஆசிரியர்களை நிரந்தரமாக்கு' என்ற வரியில் விரல் வைத்தாள். "மாமா, இந்த மூணாவது கோரிக்கை நான்தான்."

வீட்டு நெட்

கெடு தள்ளிப்போகவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்கு, பாடம் அனுப்பும் இணையப் பக்கம் தானாக மூடிக்கொண்டது. பட்டியல் வந்தபோது அதில் செல்வி இல்லை. செயலாளரின் மகள் இருந்தாள். அவளும் தற்காலிக டீச்சர்தான். காக்கநாட்டில் அவர்கள் வீட்டிலேயே நெட் உண்டு. வேலைநிறுத்தத்தன்று காலையில் அங்கிருந்தே அனுப்பியிருக்கிறாள்.

சங்க ஆபீசில் எல்லார் முன்னாலும் செயலாளரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. என் தோளில் கை போட்டார். "சகாவே, வேலைநிறுத்தம் ஆபீசுக்குத்தானே? வீட்டுக்கு இல்லையே."

வரவேற்பு மேசை

அடுத்த ஜூனில் செல்வியின் இடத்துக்கு நிரந்தர டீச்சர் வந்தார். செல்வி போர்ட் கொச்சியில் ஒரு சின்ன ஹோட்டலில் சேர்ந்தாள். வருகிறவர்களின் பெயரைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் வேலை. ஒரு பந்த் நாளில், மனசு கேட்காமல், நடந்தே போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லி சாயா வரவழைத்தாள். திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், கோபமே இல்லாமல் சொன்னாள்: "இங்க பந்த்துக்கும் திறந்துதான் மாமா இருக்கும்."

இருபத்தெட்டு வருடப் போராட்டத்தில் கடைசிவரை நான் விட்டுக்கொடுக்காமல் மூடிவைத்த கதவு அது ஒன்றுதான். அதற்கு வெளியே நின்றது எங்கள் ஆள்.