எந்தக் கட்சியிலும் சேராத இசைத்தட்டு

மைக் செட் வாடகைக்கு விடுகிறவனுக்குக் கட்சி கிடையாது. அவன் போடுகிற பாட்டுக்கு உண்டு. ஆட்சி மாறியிருந்த புதிதில் பாபநாசத்தில் கடை வைத்திருந்தேன். எந்த சினிமாப் பாட்டைப் போட்டாலும், அதில் நடித்தவர் எந்தக் கட்சி என்று பார்த்துச் சண்டைக்கு வருவார்கள். நாலு பேரைத் திருப்திப்படுத்திப் பிழைக்கிற யாருக்கும் என் பாடு புரியும்.

மாற்றலாகிப் போன டாக்டர் ஒருவர் தன் இசைத்தட்டுகளை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அதில் ஒன்று பியானோ சொனாட்டா. போன நூற்றாண்டு ஐரோப்பாக்காரர் யாரோ எழுதியது. பாடுகிறவர் கிடையாது, பியானோ மட்டும்தான். கொஞ்ச நேரம் கெஞ்சும், திடீரென்று கோபித்துக்கொள்ளும்.

கல்யாணப் பந்தல்

பெண் வீட்டார் ஆளுங்கட்சி, மாப்பிள்ளை வீட்டார் பழைய கட்சி. முதல் பாட்டு யாருடையது என்பதில் தகராறு முற்றி, மாப்பிள்ளையின் மச்சான் ஸ்பீக்கர் ஒயரையே பிடுங்கிவிட்டார். நான் ஒயரை மறுபடி மாட்டி, சொனாட்டாவைப் போட்டேன். பந்தல் அப்படியே அடங்கியது. பெண்ணின் தாய்மாமன் என்னிடம் வந்தார்.

"இது எந்தக் கட்சி தம்பி?"

"எதுவும் இல்லீங்க. வெளிநாடு."

"அப்ப ஓடட்டும். ரெண்டு வீடும் சமமா கஷ்டப்படுவோம்."

சப்-இன்ஸ்பெக்டர்

தேர்தல் நேரம். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கூட்டத்துக்குப் பேச்சாளர் வந்து சேரவில்லை. அதுவரை ஓடட்டும் என்று அதே தட்டைப் போட்டிருந்தேன். பந்தோபஸ்துக்கு வந்த சப்-இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைசி வரை கேட்டார். ரசிக்கிறார் என்று நினைத்து நான் பெருமையாக நின்றேன். தட்டு முடிந்ததும் தொப்பியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "வார்த்தையே இல்லைன்னா, எதையோ மறைக்கிறாங்கன்னு அர்த்தம்."

கூலிப் பேச்சு

குறுவை அறுப்பு நின்றுபோயிருந்தது. கூலி நெல்லைக் கூட்டித் தராமல் அரிவாள் எடுக்க மாட்டோம் என்று ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். மிராசுதார் வெளியூர் ஆட்களை லாரியில் இறக்கினார். கல் பறந்தது, ஒருவருக்கு மண்டை உடைந்தது. பக்கத்து ஊர்களில் கூலித் தகராறு கொலை வரைக்கும் போனதையெல்லாம் கேட்டு எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம். கடைசியில் தாசில்தார் பள்ளிக்கூடத்து மைதானத்தில் பேச்சுவார்த்தை வைத்தார். மைக் என்னுடையது.

தாசில்தார் ஜீப் வரத் தாமதம். வேப்பமரத்தடியில் ஆட்கள், எதிரே நாற்காலிகளில் மிராசுதாரும் அவர் பங்காளிகளும். முறைப்பு அதிகமாகிக்கொண்டே போனது. சும்மா இருந்தால் விபரீதம் என்று தட்டைச் சுழல விட்டேன். இரண்டு பக்கமும் திரும்பி ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது சட்டென்று இடி மாதிரி இறங்கியதும், நடவு ஆட்களில் மூத்தவளான அஞ்சலை உரக்கச் சொன்னாள்:

"நாம கூலி கேட்டப்ப ஐயா பேசின மாதிரியே இருக்கு!"

மரத்தடி சிரித்தது. நாற்காலிப் பக்கமும் ஒருவர் சிரித்து, சட்டென்று வாயைத் துண்டால் பொத்திக்கொண்டார். அன்று கூலி முடிவாகவில்லை. ஆனால் கல்லும் பறக்கவில்லை. கிளம்பும்போது மிராசுதார் என்னிடம் நின்றார்.

"அந்தப் பியானோப் பொட்டிக்காரனுக்கு நான் என்னய்யா கெடுதல் பண்ணினேன்?"

பூதலூர்

வரப்புத் தகராறில் வெட்டுப்பட்டு, ஆஸ்பத்திரியில் இறந்துபோன கோவிந்தசாமி குத்தகை விவசாயி, விவசாயிகள் சங்கத்து ஆள். சாவு வீட்டுக்குச் சங்கத்தார் கொடியோடு வந்து கட்சிப் பாட்டுப் போடச் சொன்னார்கள். அவர் மனைவி செல்லம்மா உள்ளேயிருந்து எழுந்து வந்தார். "அவரைப் பத்தி யாரும் பாடவேணாம். வார்த்தை இல்லாதது ஏதாவது இருந்தா போடுங்க" என்றார். சங்கத்தார் மறுக்கவில்லை.

சொனாட்டாவின் நடுப்பகுதியை மட்டும் சன்னமாக வைத்தேன். எடுத்துக்கொண்டு போன பிறகு, ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்தபோது செல்லம்மா வாசலுக்கு வந்தார். அழுது ஓய்ந்த குரல்.

"நடுவுல ஒரு எடத்துல நின்னு நின்னு வந்துச்சே... ஆஸ்பத்திரியில அவரு கடைசியா பேசினது அப்படித்தாங்க."

இத்தனை வருஷத் தொழிலில் இசை புரியாதவர் என்று ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. ஒயரை மிதிக்காமல் நடக்கத் தெரிந்தவரைத்தான் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.