மச்சான் சொல்லாத அறுபது அடிகள்

சிவப்பு மசியால் நான் குறுக்கே கோடு போட்ட பக்கத்தை மச்சான் இரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றது இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டு ஆகியிருக்கும். ராமநாதபுரத்தில் பள்ளி ஆசிரியனாக இருந்தேன். எங்கள் ஆசிரியர்களின் நாடகக் குழுவுக்காக ஒரு பழைய செய்யுள் நாடகத்தை, இந்தக் காலத்து மேடைக்கு ஏற்ற உரைநடையில் எழுதினேன். மகளைப் பறிகொடுத்த அரசனின் கதை அது. அரசன் வேடத்தை என் அக்காவின் கணவரான மச்சான் தாமே கேட்டு வாங்கிக்கொண்டார். கமுதிப் பக்கம் பருத்தியும் மிளகாயும் போடும் சம்சாரி. என்னிடம் இரவல் வாங்கிய மூலநூலை வரி விடாமல் மனப்பாடம் செய்திருந்தார். ஞாயிறுதோறும் பஸ் ஏறி ஒத்திகைக்கு வந்துவிடுவார்.

அதற்கு முந்தின வருஷம்தான் அவருடைய ஒரே மகள் காய்ச்சலில் போயிருந்தாள். நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை. மச்சான் அழுது யாரும் பார்க்கவில்லை. தேறிவிட்டார் என்றே நினைத்தேன்.

கடைசிக் காட்சியில் அரசன் புலம்பும் அறுபது அடிகளை வெட்டிவிட்டு இரண்டே வாக்கியம் எழுதியிருந்தேன்.

“மாப்ளே, வேற எதை வேணாலும் வெட்டிக்க. இதை மட்டும் விட்டுரு” என்றார் மச்சான்.

“இந்தக் காலத்துல யாரு மச்சான் செய்யுளை உக்காந்து கேப்பா? சனம் எந்திரிச்சுப் போயிரும்.”

“நாலு அடியாச்சும் சொல்றேனே.”

மற்ற ஆசிரியர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதியவன் என்ற மிதப்பு எனக்கு. “இதென்ன கூத்துமேடைன்னு நெனச்சீகளா?” என்றேன். யாரோ சிரித்தார்கள். மச்சான் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். “சரி மாப்ளே. நீ படிச்சவன்” என்றார்.

நாடகத்தன்று அந்த இரண்டு வாக்கியத்தையும் எழுதியபடியே சொன்னார். பிறகும் இடத்தைவிட்டு நகராமல் நின்றார். உதடு அசைந்தது, குரல் வரவில்லை. நடிப்பென்று எண்ணிச் சபை கை தட்டியது. நானோ, நேரமாகிறதென்று திரையை இறக்கச் சொன்னேன்.

மறுமாதம் கமுதிக்குப் போனபோது, முற்றத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டே அக்கா சொன்னாள்: “காட்டுல தனியா நின்னு அந்தப் பாட்டைச் சொல்லித்தான்டா அவுக அழுவாக. வீட்டுல ஒரு சொட்டு விட்டதில்ல. சபையில ஒருதரம் வாய்விட்டுச் சொல்லிட்டா நெஞ்சுப் பாரம் எறங்கிரும்னாக.”

பருத்திக் காட்டுக்கு ஓடினேன். “அடுத்து மண்டபம் ஊருல போடுறோம் மச்சான். அறுபது அடியையும் சேத்துட்டேன். நீங்க வரணும்” என்றேன்.

அவர் பஞ்செடுப்பதை நிறுத்தவில்லை. கோபமும் இல்லை. “அன்னைக்கு வாய்க்குள்ளயே சொல்லிக்கிட்டு இருந்தேன் மாப்ளே. பாதியில திரை எறங்கிருச்சு. அதுக்கப்புறம் எனக்கு அது வரவே மாட்டேங்குது.”

மச்சான் போய்ச் சேர்ந்து வெகுகாலமாகிறது. அந்த நாடகத்துக்காக இன்றும் சிலர் என்னைப் பாராட்டுகிறார்கள். தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன். மண்டபத்தில் வேறொருவர்தான் அரசன் வேடம் கட்டினார். அறுபது அடியையும் அவர் சொல்லி முடிக்கும்வரை, சபையில் ஒருவர்கூட எழுந்து போகவில்லை.