மருந்துக் கடை மாப்பிள்ளையும் மாமியார் வீட்டுக் குளவியும்

பூச்சி மருந்துக் கடை வச்சவனுக்குப் பூச்சிதான் படியளக்கிற சாமி. அந்தச் சாமிக்கே எமனா இன்னொரு பூச்சி வந்தா என்ன ஆவான்? திண்டிவனத்தில் கடை போட்டிருக்கிற நான் ஆனேன். சகபாவிகளே, கேளுங்க.

வெறுங்கை

வல்லத்து மாந்தோப்புக்காரர் ஏழுமலை, பழ ஈக்கு வருஷா வருஷம் என்கிட்டதான் மருந்து வாங்குவார். இந்தத் தடவை டீயைக் குடிச்சுட்டு வெறுங்கையோட எழுந்தார். பழ ஈயோட புழுவுக்குள்ளேயே முட்டை போட்டு, அதைக் காலி பண்ற குளவி தோப்பில் இருக்குதாம். மருந்தடிச்சா குளவி செத்துடுமாம். எனக்கு வயிறு பத்திக்கினு எரிஞ்சுது. "கொட்டினா தெரியும்"னேன்.

"அது மனுசனைக் கொட்டாது தம்பி. பில்லு போட்டு நீதான் கொட்டுவே."

வலை

போனால் போகட்டும், கோலியனூர் மாமனாரின் கொய்யாத் தோப்பு இருக்கேன்னு தேத்திக்கிட்டேன். அந்த வீட்டில் என் பேச்சுதான் வேதவாக்கு. எனக்கு அப்புறம்தான் மத்த மாப்பிள்ளைங்களுக்கு இலை. போய்ப் பார்த்தா, புழு வச்சு விழுந்த பழத்தையெல்லாம் டிரம்மில் கொட்டி, வாயில் வலை கட்டி வச்சிருக்கார். உள்ளே பிறக்கிற ஈ வலையில் மாட்டிக்குமாம். குளவி மட்டும் கண்ணி வழியா வெளியே வந்து தோப்புக்குப் போயிடுமாம். குனிஞ்சு பார்த்தேன். எறும்பு அளவுகூட இல்லை. இந்தத் துக்கடாவுக்காகவா என்னை விட்டீங்கன்னு கேட்டே விட்டேன்.

"துக்கடாவா இருக்கறதாலதான் மாப்ளே வலையில பூந்துக்கினு வருது. உங்க மருந்து என்னிக்குங்க பழத்துக்குள்ள பூந்துது?"

கூழு

ஆடியில் கூழ் ஊத்துறதுக்கு அழைப்பு வந்தது. இலையாவது மிச்சம்னு கடையைச் சாத்திட்டு நேரா பைக்கில் போனேன். வழக்கமா வாசலுக்கே சொம்புத் தண்ணியோட வர்ற மாமியார், அன்னிக்குத் தோப்புப் படலிலேயே மறிச்சாங்க. கையில் ஒரு வாளித் தண்ணி, தோளில் மாமனாரின் பழைய வேட்டி. மத்த மாப்பிள்ளைங்க உள்ளே கூழு குடிச்சுக்கினு வேடிக்கை பார்க்கிறானுங்க. பொறாமையா? ஆமாங்க, ஒரு குளவி மேல பொறாமை! "நான் உங்க வீட்டு மாப்பிள்ளைங்க"ன்னேன்.

"யாரு இல்லன்னா? இங்கேயே குளிச்சுட்டு வாங்க. சட்டையெல்லாம் மருந்து வாடை அடிக்குது. நீங்க கோச்சிக்கினு போனாலும் திரும்பி வந்துடுவீங்க, குளவிங்க போனா வராதுங்க."

தோப்பில் ஈயைத் தீர்க்கிற வேலையைக் குளவி எடுத்துக்கிச்சு, கடையில் ஈ ஓட்டுற வேலையை மட்டும் பெரிய மனசு பண்ணி எனக்கு விட்டுடுச்சு.