ஐம்பதில் ஒரு பங்கு வீடு

வீடு ஆயிரத்து இருநூறு சதுர அடி. அண்ணன் தம்பிக்குள் இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு அறுநூறு. வெள்ளிக்கிழமை பத்திரத்தில் கையெழுத்து. கணக்கு இவ்வளவு சுத்தமாக வந்ததுதான் டேப் அக்காவை உறுத்தியது.

கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்குவதால் தெருவில் அந்தப் பெயர். வயது நாற்பத்தாறு. இருபது வருடமாக வீட்டுக் கூடத்திலேயே தையல். யார் அளவு சொன்னாலும் நம்பமாட்டார். போன மாதம் தானே அளந்த இடுப்பைக்கூட மறுபடி அளப்பார். பிரிவினை வரைபடத்தைக் கொண்டுவந்தவர் கணவரின் தம்பி. வரைந்தது அந்தத் தம்பியின் நண்பர்.

“என் தம்பி ஏமாத்துவானா?” என்றார் கணவர்.

“ஏமாத்துறான்னு நான் சொன்னேனா? பேப்பர் புரியலைங்கிறேன். புரியாத பேப்பர்ல எதுக்கு இவ்வளவு அவசரம்?”

நூலகத்து மாடியில் சனி, ஞாயிறு இரண்டு நாள் வகுப்பு. அட்டையில் வீடு செய்து பார்த்து, இடம் என்றால் என்ன என்று கற்றுக்கொள்வது. அக்கா போய் உட்கார்ந்துவிட்டார். சொல்லித்தந்தவர் முப்பதைத் தாண்டாத ஒரு பெண் கட்டடக் கலைஞர். நிஜத்தில் ஐம்பது அடி, அட்டையில் ஓர் அடி என்றார்.

“வீட்டைச் சுருக்கினா தப்பும் சேர்ந்து சுருங்கிடாதா?” என்று அக்கா கேட்க, வகுப்பே சிரித்தது. ஆசிரியை மட்டும் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை, வரைபடத்தின் சுருக்கிய நகலைத் தரையாக ஒட்டித் தன் பாதியைச் செய்தார். சுவர்களுக்கு மட்டும் வரைபடத்தை நம்பாமல், வீட்டில் தானே அளந்து குறித்த அளவுகளை எடுத்துக்கொண்டார். நிறுத்திப் பார்த்தால், ஒவ்வொரு சுவரும் தரையைத் தாண்டி ஓர் அங்குலம் நீட்டிக்கொண்டிருந்தது. ஓர் அங்குலம் என்றால் நிஜத்தில் நாலடிக்கு மேல்!

அங்கேயே கைப்பேசியை எடுத்தார். கொழுந்தனை எப்போதும் ‘நீ’ என்பவர், அன்று மரியாதை கொடுத்தார்.

“தம்பி, உங்க பேப்பர்ல எங்க பக்கம் நாலடி காணோமே?”

“என்ன அண்ணி, நாலடி என்ன கர்சீப்பா, தொலைஞ்சு போக?”

“அதைத்தான் நானும் கேக்குறேன்.”

ஞாயிற்றுக்கிழமை, தம்பியின் பாதியையும் செய்யச் சொன்னார் ஆசிரியை. அதிலும் சுவர்கள் அதே ஓர் அங்குலம் நீட்டின.

“அவர் வீட்டுலயும் நாலடி திருடு போயிருக்கே. யாரு அக்கா, நீங்களா?”

ஆசிரியை ஒரு சுவரை ஸ்கேலில் வைத்துக் காட்டினார். இரு முனையிலும் அரை அங்குலம் கூடுதல். துணி வெட்டும்போது மடித்துத் தைக்க விடும் அதே அரை அங்குலத்தை, அக்காவின் கை அட்டைக்கும் விட்டிருந்தது.

அக்காவின் முகம் செத்துவிட்டது. நறுக்கி மறுபடி நிறுத்தினார். கச்சிதமாகப் பொருந்தியது. அறுநூறும் அறுநூறும்.

“பரப்பு சரி. இப்ப ஆளுங்களை நடக்கவிடுங்க. யார் எங்க போறாங்களோ, அங்கெல்லாம் நூல் ஒட்டுங்க” என்றார் ஆசிரியை.

தம்பி வீட்டாருக்குச் சிவப்பு நூல். வாசல், அறை, சமையலறை, பிறகு துணி காயப்போட மொட்டை மாடி. மாடிப்படி இருப்பது அக்காவின் கூடத்து மூலையில். நூல் நடுச்சுவர்க் கதவைத் தாண்டி, கூடத்தைக் குறுக்கே வெட்டி, தையல் மெஷின் நிற்கும் இடத்தின் மேலேயே போனது. ஒரே குடும்பமாக நடந்தவரை அதை வழி என்றே யாரும் நினைத்ததில்லை.

“அளவு கொடுக்க வர்ற பொம்பளைங்க இங்கதானே நிப்பாங்க?” என்றார் அக்கா மெதுவாக.

“அப்ப உங்களுக்குக் கிடைக்கிறது கூடம் இல்லைக்கா. தெரு.”

திங்கட்கிழமை மாலை அட்டை வீட்டைக் கொழுந்தன் முன்னால் வைத்தார். முதலில் நாலடிக்கு மன்னிப்புக் கேட்டார். பிறகு சிவப்பு நூலைக் காட்டினார்.

“சத்தியமா நான் இதை யோசிக்கலை அண்ணி.”

“சரி, நீ யோசிக்கலை. பேப்பர்ல அந்தக் கதவு பக்கத்துல பொடி எழுத்துல ‘பொது வழி’ன்னு எழுதியிருக்காரே உன் ஃப்ரெண்டு, அவர் யார் சொல்லி யோசிச்சார்?”

கணவர் கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு, முதல் முறையாக அந்த வரைபடத்தை வாங்கிப் பார்த்தார்.

வெள்ளிக்கிழமைக் கையெழுத்து தள்ளிப்போயிருக்கிறது. படியை வீட்டுக்கு வெளியே கட்ட முடியுமா என்று பார்க்க ஞாயிற்றுக்கிழமை கொத்தனார் வருகிறார்.