ஒன்பதில் எழுந்தவன்

தோற்றுக்கொண்டே இருக்கும் பள்ளிக்கூடத் தற்காப்புக் கலைக் குழுவைப் பற்றிய கொரியப் படத்தை என் மனைவி போட்டால், நான் பாத்திரம் கழுவ எழுந்துவிடுவேன். அதனாலேயே அவள் அந்த மாதிரிப் படங்களாகத் தேடிப் போடுகிறாள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தப் படங்களில் ஒரு குண்டன் இருப்பான், ஒரு பயந்தாங்கொள்ளி இருப்பான், ஒரு வாயாடி இருப்பான், வாயே திறக்காத ஒரு ஹீரோ இருப்பான். முன்னாள் சாம்பியனான ஒரு குடிகாரப் பயிற்சியாளரும் கட்டாயம் உண்டு. பாதிப் படம் வரை உதை வாங்குவார்கள். கடைசியில் வயலின் வாசிக்க ஆரம்பித்ததும் ஜெயித்துவிடுவார்கள்.

கிள்ளானில் எங்கள் இடைநிலைப்பள்ளி தேக்வாண்டோ குழுவிலும் இதெல்லாம் இருந்தது, வயலினைத் தவிர. வாயாடி நான். கால் இரண்டும் பயத்தங்காய் மாதிரி இருக்கும். என்னைச் சேர்த்ததற்கு ஒரே காரணம், ஐந்து பேர் இல்லாமல் போட்டியில் பெயர் கொடுக்க முடியாது. பயிற்சியாளர் எங்கள் சரித்திர வாத்தியார். அவர் சாம்பியனும் இல்லை, குடிகாரரும் இல்லை. வயிற்றில் அல்சர். பிரிக்பீல்ட்ஸிலிருந்து ரயிலில் வருவார். தேக்வாண்டோவைப் படம் பார்த்தே கற்றவர். சனிக்கிழமைப் பயிற்சியில் பாதி நேரம் அவருடைய லேப்டாப்பில் மலாய் சப்டைட்டிலோடு படம் ஓடும். மீதி நேரம், ஏதோ பாலர் பள்ளி கழித்துப்போட்ட ரப்பர் பாயில் குதிப்போம். பாயில் ஏ, பி, சி எழுதியிருக்கும். நான் வழக்கமாக எம் எழுத்தின் மேல் விழுவேன்.

கேப்டன் மட்டும் நிஜமான ஆள். சின்ன வயசிலேயே வெளியே ஒரு கிளப்பில் கற்று கறுப்பு பெல்ட் வாங்கியவன். அந்தக் கிளப் மூடிவிட்டதால் எங்களோடு வந்து மாட்டிக்கொண்டான். தினமும் பந்திங்கிலிருந்து பஸ்ஸில் வருவான். அவன் அப்பா பாமாயில் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டினார். பள்ளியின் கடைசி வருஷமான ஐந்தாம் படிவப் பரீட்சை முடிந்த மறுநாளே மகனும் லோரியில் ஏற வேண்டும் என்பது அவர் முடிவு. தப்பிக்க ஒரு வழிதான் இருந்தது. மாநிலக் குழுவுக்கு ஆள் எடுக்கும் ஒருவர், கோலாலம்பூரில் நடக்கும் குழுப் போட்டிக்கு வந்து இவன் சண்டையைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். பிடித்திருந்தால் பயிற்சி விடுதியில் இடம். சாப்பாடு, படுக்கை, எல்லாம் அவர்கள் பொறுப்பு. "எடுத்தா போ, எடுக்கலன்னா லோரி" என்று அப்பாவும் ஒத்துக்கொண்டிருந்தார்.

போட்டியில் ஐந்து பேருக்கு ஐந்து சண்டை. மூன்று ஜெயிக்கும் பள்ளி ஜெயித்தது. அதோடு சரி, மீதிச் சண்டை நடக்காது. யார் எத்தனையாவதாக இறங்குவது என்பதைச் சார்தான் முடிவுசெய்ய வேண்டும்.

"சார், என்னை முதல்ல போடுங்க சார்" என்றான் கேப்டன்.

"ஹீரோவ எவன்டா முதல்ல அனுப்புவான்? அப்பறம் படத்துல என்ன இருக்கு?"

"மூணு தோத்துட்டா எனக்குச் சண்டையே இல்ல சார்."

"ரெண்டுக்கு ரெண்டுன்னு வந்து நிக்கும்லா, நீ வேணும்னா பாரு. அப்ப அஞ்சாவதா நீ உள்ள வர்ற. அந்த ஆளு அப்படியே அசந்துருவாரு."

நான் சும்மா இருக்கவில்லை. "மச்சான், மூணாவது நான்தானே? நான் பாத்துக்கறேன்."

அவன் என் காலைப் பார்த்தான். "அதான்டா பயமா இருக்கு" என்றான். பிறகு என்னைத் தனியாகக் கூட்டிப்போய்ச் சொல்லிக்கொடுத்தான். "விழுந்தா நடுவர் கொரியன்ல எண்ணுவாரு. எட்டுக்குள்ள எந்திரிச்சி கையத் தூக்கிக் காட்டணும். ஒன்பதுல எந்திரிச்சா செல்லாது. வெளங்குதா?" வெளங்குது என்றேன். ஆனால் நான் பார்த்த எல்லாப் படத்திலும் ஒன்பதில்தான் எழுந்தார்கள்.

எதிர்ப் பள்ளி சொந்த பஸ்ஸில் வந்திருந்தது. அவர்களில் ஒரு தமிழ்ப் பையன் என் சட்டையைத் தொட்டுப் பார்த்தான். "பாசார் மாலாம்ல வாங்கினதா பிரதர்? வேர்த்தா சாயம் போகுமே." இரவுச் சந்தைச் சரக்கென்றாலும் அதெல்லாம் போகாது என்றேன். வேர்ப்பதற்குள் சண்டை முடிந்துவிடும் என்று எனக்கு ஒரு நம்பிக்கை.

முதலில் குண்டன். படங்களில் குண்டனிடம் யாருக்கும் தெரியாத ஒரு பலம் ஒளிந்திருக்கும். எங்கள் குண்டனிடமும் ஒளிந்திருந்தது. கடைசிவரை வெளியே வரவேயில்லை. அடுத்து பயந்தாங்கொள்ளி. எதிராளி அவனைத் தொட வேண்டிய அவசியமே இருக்கவில்லை. பாயைவிட்டு வெளியே ஓடி ஓடியே தண்டனைப் புள்ளியில் தோற்றான். ஹாலில் ஒரு பெண், "தம்பி, டாய்லெட் அந்தப் பக்கம்" என்று கத்தினாள். எல்லோரும் கைதட்டினார்கள்.

சார் முகம் மலர்ந்துவிட்டது. "ரெண்டு போச்சா? சரியா இப்படித்தான்டா வரும்!"

மூன்றாவது நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரு உதை விட்டேன், எதன்மேலோ பட்டது, எனக்குப் புள்ளி விழுந்தது. நான் ஸ்கோர்போர்டைத் திரும்பிப் பார்த்தேன். அப்படிப் பார்க்கும்போது பக்கவாட்டில் தலை ரொம்ப வசதியாகக் கிடைக்கும் போல. விழுந்தேன்.

பெரிதாக வலிக்கவில்லை. தலைக்கவசம் நல்ல கவசம், கேப்டன் இரவல் கொடுத்தது. நடுவர் ஹானா, துல், செத் என்று எண்ண ஆரம்பித்தார். அப்போதே எழுந்திருக்கலாம். ஆனால் மேலே விளக்கு வெளிச்சம் லேசாக மங்கலாகத் தெரிந்தது. படத்தில் தெரிவது மாதிரியே தெரிந்தது. பாய் ஓரத்தில் கேப்டன், "எந்திரிடா! டேய், எந்திரிடா நாயே!" என்று தொண்டை கிழியக் கத்தினான். படத்திலும் ஒருவன் இப்படித்தான் கத்துவான். இன்னும் கொஞ்சம் கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஆஹோப். ஒன்பது. முஷ்டியை மடக்கி, ஒரு முழங்காலை ஊன்றி, மெல்ல எழுந்தேன். அவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை. நடுவர் பத்தையும் எண்ணிவிட்டு எதிராளி பக்கம் கையைத் தூக்கினார். ஹால் சிரித்த சிரிப்பில் சாருக்கு அல்சர் வலி வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கேப்டன் மார்புக் கவசம் மாட்டி, பல் கவசத்தைக் கடித்துக்கொண்டு, தயாராக நின்றான். பிறகு பல் கவசத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, ஆள் எடுக்க வந்தவரிடம் போனான்.

"அங்கிள், ஒரே ஒரு ரவுண்டு. புள்ளி வேணாம். சும்மா பாருங்க."

எதிர்ப் பள்ளியின் ஐந்தாவது ஆள் கவசத்தைக் கழற்றிப் போட்டுவிட்டு நாசி லெமாக் தின்றுகொண்டிருந்தான். கையைக் காட்டினான், விரலெல்லாம் சம்பல்.

"சண்ட இருந்தா பாத்திருப்பேன் தம்பி" என்றார் அவர், கார் சாவியைத் தேடிக்கொண்டே. "அடுத்த வருஷம் வா."

ஐந்தாம் படிவத்துக்கு அடுத்த வருஷம் கிடையாது. அது அவருக்கும் தெரியும்.

சார் வயிற்றைத் தடவிக்கொண்டு வந்தார். "விடுறா, இதெல்லாம் இடைவேளைதான்." கேப்டன் அவரைப் பார்க்கவேயில்லை. தன் மார்புக் கவசத்தைக் கழற்றி என்னிடம் நீட்டினான்.

"போட்டுக்க."

கார் நிறுத்துமிடத்துக்கு வந்தோம். வாசலைப் பார்த்தபடி அவன் நின்றான். எதிரே என்னை நிறுத்தினான். அந்த மனிதரின் கார் எங்களைத் தாண்டும்போது சுழன்று உதைத்தான். என் வாழ்நாளில் அப்படி ஒரு உதையை நான் பார்த்ததில்லை. காரில் இருந்தவர் போனில் பேசிக்கொண்டிருந்தார். ஆக, அதைப் பார்த்தவன் நான் ஒருவன்தான், அதுவும் ரொம்பக் கிட்டத்தில்.

தாரில் கிடந்தேன். அவனே எண்ணினான். "ஹானா. துல்."

மூன்றில் எழுந்து கையைத் தூக்கிக் காட்டினேன்.

"தெரியுதுல்ல உனக்கு?" என்றான். "திரும்ப நில்லு."

பந்திங் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருந்தது. நின்றேன்.