பனி போட்ட பாலிஷ்

தரை பாலிஷ் மேஸ்திரிக்கு ஐம்பத்து மூன்றாவது வயதில் காதல் வந்தது. வந்தது வந்துவிட்டுப் போகட்டும் என்று சும்மா விடுகிற ஆசாமியா அவர்? எதை எடுத்தாலும் கடைசி வரை தேய்த்துப் பார்க்காமல் ஓயாத ரகம்.

தபால் ஆபீஸ் தரைதான் எல்லாவற்றுக்கும் காரணம். மூன்று நாள் விடுமுறையில் ஆபீஸைப் பூட்டிக்கொண்டு தனியாக வேலை செய்தார். மிஷின் போகாத மூலைகளில் மண்டியிட்டு, உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்துக் கையாலேயே தேய்த்தார். நாலாம் நாள் காலையில் ஸ்டாம்பு கவுண்டர் மேடம் உள்ளே வந்தாள். நாலு அடி நடந்தாள், ஐந்தாவது அடியில் தரையில் உட்கார்ந்திருந்தாள். எழுந்ததும் முதல் வேலையாக ஒரு புகார் எழுதினாள்: ‘தரை அளவுக்கு மீறிப் பளபளக்கிறது.’ முப்பது வருடத் தொழிலில் மேஸ்திரியை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை.

மன்னிப்புக் கேட்கத்தான் கவுண்டருக்குப் போனார். முகத்தைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. ஒரு ஸ்டாம்பு வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டார். மறுநாளும் ஒரு ஸ்டாம்பு. இப்படியே எட்டு மாதம். கடிதம் எழுத அவருக்கு உலகத்தில் ஒருத்தரும் கிடையாது. இருக்கிற ஒரே அக்காவும் ஒரே வீட்டில்தான் இருக்கிறாள்.

“இத்தனை ஸ்டாம்பை வெச்சுக்கிட்டு என்னடா பண்ணப் போற? உன்னையே ஒட்டி அனுப்பிடலாம் போலிருக்கே” என்றாள் அக்கா.

அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதிவிட்டார். ‘மேடம், உங்களைக் கல்யாணம் செய்துகொள்ள ஆசைப்படுகிறேன். இனிமேல் தரை வழுக்காமல் பார்த்துக்கொள்கிறேன்.’ அவ்வளவுதான் கடிதம். உறையில் விலாசத்துக்கு இடம் விட்டு, மிச்ச இடத்திலெல்லாம் ஸ்டாம்பை ஒட்டி, அவளுடைய கவுண்டரிலேயே நீட்டினார். அவள் தன் பெயரைப் படித்தாள். முகம் மாறாமல் ஒவ்வொரு ஸ்டாம்பின் மேலும் டக், டக் என்று முத்திரை குத்தினாள். வரிசையில் பின்னால் நின்றவர்களுக்குக் கால் வலித்ததுதான் மிச்சம்.

மறுநாள் அவளே கூப்பிட்டாள். “எனக்குப் பதவி உயர்வோட மாற்றல் வந்திருக்கு மேஸ்திரி. இங்கேர்ந்து ஒரு நாள் ரயில். திங்கக்கிழமை சரியா, இல்லையான்னு கையெழுத்துப் போடணும். ஞாயித்துக்கிழமை ஒரு இடத்துக்குப் போறேன், கூட வாங்க. திரும்பறதுக்குள்ள உங்க கடுதாசிக்குப் பதில் சொல்லிடறேன்.”

மேஸ்திரிக்குத் தலைகால் புரியவில்லை. சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். பாக்கெட்டில் வழக்கம்போல உப்புத்தாளும் கூடவே ஏறிக்கொண்டது.

இரண்டு பஸ் மாறி, அப்புறம் நடை. மேடம் கான்வாஸ் ஷூவும் தொப்பியுமாக முன்னால் விறுவிறுவென்று போனாள். பஸ்ஸில் வந்த மற்றவர்கள் எல்லோரும் அருவிப் பக்கம் இறங்கிவிட்டார்கள்.

“நாமளும் அங்க போயிருக்கலாமே மேடம்?”

“வாரத்துல ஆறு நாள் வரிசையைத்தானே பாக்கறேன்? லீவுலயும் போய் வரிசையில நிக்கணுமா? யாருமே வராத இடமாப் பாத்துதான் நான் போவேன். இந்தப் பக்கம் பூரா ஒரு காலத்துல பனி. ஒரு மலை உசரத்துக்குப் பனி! அது நகர்ந்து போன தடமெல்லாம் இன்னும் இருக்கு. ஒருத்தரும் எட்டிப் பாக்கறதில்ல.”

முதலில் ஒரு வட்டக் குளத்தைக் காட்டினாள். வீட்டளவு பனிக்கட்டி மண்ணுக்குள் புதைந்து, மெதுவாக உருகி, அது கிடந்த பள்ளத்தில் தண்ணீர் நின்ற குளமாம். அடுத்தது புல்வெளியின் நட்டநடுவே தன்னந்தனியாக உட்கார்ந்திருந்த ஒரு பாறை.

“இது இந்த இடத்துக் கல்லே இல்ல மேஸ்திரி. வடக்க எங்கேயோ இருக்கற மலையோட கல்லு. பனி சுமந்துக்கிட்டு வந்து, நடுவழியில போட்டுட்டு உருகிப்போச்சு.”

“வாங்கிக்க ஆள் வரலையா மேடம்?”

“விலாசம் இல்லாத பார்சல்!” என்று சொல்லிவிட்டு அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். எட்டு மாதத்தில் அவள் சிரித்து அவர் பார்த்ததே இல்லை. சந்தோஷம் தாங்காமல் பாறையை இரண்டு சுற்று ஓடிவிட்டு வந்தார். ஏன் ஓடினீர்கள் என்று அவளும் கேட்கவில்லை.

மூன்றாவது இடத்தில்தான் வந்தது வினை. சரிவில் ஒரு கூடத்தளவு விரிந்து கிடந்தது சாம்பல் நிறக் கல். கல்யாணச் சத்திரத் தரைபோல வழவழப்பு. ஆனால் மேலெல்லாம் ஒரே திசையில் நீள நீளமாகக் கீறல். மேடம் நோட்டுப் புத்தகத்தையும் திசைகாட்டியையும் எடுத்துக்கொண்டு மறுகோடிக்குப் போனாள். மேஸ்திரி உட்கார்ந்து கல்லைத் தடவினார். இவ்வளவு அருமையாகத் தேய்த்துவிட்டு, கீறலை எடுக்காமல் எவனோ போயிருக்கிறானே! அவருக்கு மனசு கேட்கவில்லை. போதாததற்கு இன்றைக்குப் பதில் வேறு வரப்போகிறது. சும்மா இருக்க முடியாத கை பாக்கெட்டுக்குள் போனது. குடிக்கிற தண்ணீரைக் கொஞ்சம் ஊற்றியது. கல்லும் மிருதுவான கல். கேட்கவா வேண்டும்?

மேடம் திரும்பி வந்தபோது உள்ளங்கையகலத்துக்குக் கல் பளபளத்துக்கொண்டிருந்தது. மேஸ்திரி பெருமையாக நிமிர்ந்து பார்த்தார்.

“என்ன பண்ணீங்க?”

“கீறல் இருந்துச்சு மேடம். எடுத்துட்டேன்.”

“கீறலைப் பாக்கத்தானே ரெண்டு பஸ் மாறி வந்தோம்! பனி போன தடமே அதுதான்! பன்னெண்டாயிரம் வருஷம் மழையில நனைஞ்சும் அழியாம இருந்ததை, கால் மணி நேரத்துல...” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

மேஸ்திரி திருதிருவென்று விழித்தார். பதில் இந்நேரம் என்னவாக மாறியிருக்கும் என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டார்.

“வேலையைக் கெடுத்தா வீட்டுக்காரர்கிட்ட சொல்லாம நான் போனதில்ல மேடம். இதுக்கு யாரு வீட்டுக்காரர்?”

“யாரும் பாக்கல மேஸ்திரி. வாங்க, போயிடலாம்.”

“நீங்க பாத்தீங்களே.”

அவள் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுக் கீழே பாறைக் காவலுக்குப் போட்டிருந்த தகரக் கொட்டகையைக் கை காட்டினாள். 

கொட்டகைக் காவல்காரர் மனிதர்களைப் பார்த்தே மாசக்கணக்காகியிருந்தது. மேஸ்திரி குற்றத்தை ஒப்புக்கொண்டதும் அவர் முகம் மலர்ந்துபோயிற்று. “பதினோரு வருஷமா இந்தப் பதிவுப் புத்தகத்துல எழுத ஒண்ணுமே கிடைக்கலைங்க! உக்காருங்க, உக்காருங்க!” என்று தூசி தட்டி எடுத்தார். பூதக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு மூவருமாக மேலே ஏறினார்கள். காவல்காரர் கல்லின் மேல் குப்புறப் படுத்துத் தேடி, கீறல் விழாமல் பளபளத்த ஒரு இடத்தில் விரலை வைத்தார்.

“இதுதானே? அநியாயம் பண்ணிட்டீங்களே!”

“அது இல்லீங்க. அது பனி பண்ணது. நான் பண்ணது இது.”

காவல்காரர் இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்கு?”

“இல்லீங்க. அது என்னைவிட நல்லாப் பண்ணியிருக்கு” என்றார் மேஸ்திரி மனசார.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளாக்கும் என்று மேஸ்திரி பதறிப்போய்க் கிட்டே போனார். சிரிப்பு! அடக்க அடக்கப் பீறிட்டுக்கொண்டு வருகிற சிரிப்பு. காவல்காரருக்கும் தொற்றிக்கொண்டது. அந்தப் பாறையில் மனிதச் சத்தம் கேட்டு எத்தனை நாளாயிற்றோ!

கொட்டகைக்குத் திரும்பியதும் காவல்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு தண்டனையை அறிவித்தார். ஒரு வருடத்துக்கு மாதம் ஒரு ஞாயிறு மேஸ்திரி இங்கே வர வேண்டும். பாறையில் விழுகிற சருகை மெல்லிய துடைப்பத்தால் தள்ள வேண்டும். உப்புத்தாள் கொண்டுவரக் கூடாது.

“கூடவே பொறுப்பாளர் ஒருத்தர் வந்து இவரைப் பாத்துக்கணும். இங்க கையெழுத்து, பக்கத்துல உறவுமுறை. மாசாமாசம் வர முடியும்னா மட்டும் போடுங்கம்மா.”

மேஸ்திரி தரையைப் பார்த்தார். ஒரு நாள் ரயில் தூரத்திலிருந்து மாதாமாதம் யார் வருவார்கள்? அக்காவைத்தான் கெஞ்ச வேண்டும், அவளுக்கோ முட்டி வலி.

மேடம் பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். பக்கத்துக் கட்டத்தில் கொஞ்ச நேரம் பேனாவை நிறுத்திவைத்து, அப்புறம் நிதானமாக எழுதினாள். காவல்காரர் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, ஒவ்வொரு எழுத்தாக உரக்கப் படித்தார்.

“வருங்கால மனைவி.”

மேஸ்திரி நாற்காலியில் உட்காரப் போனார். நாற்காலி அங்கே இல்லை. தரையிலிருந்து அவர் நிமிர்ந்து பார்க்க, மேடம் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

“எழுந்திருங்க மேஸ்திரி. இதுக்கும் புகார் எழுதலாம்னா, இந்தத் தரை வழுக்கவே இல்ல.”