தாமதமாகச் சுடும் துப்பாக்கி

மூக்குக்கண்ணாடிக் கடையில் அவரை எல்லோரும் திருகாணி என்றுதான் கூப்பிடுவார்கள். சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. கண்ணாடியின் காதுக்கம்பியைப் பிரேமோடு சேர்க்கிற, எள்ளைவிடச் சின்னத் திருகாணியை விரல் நுனியில் ஒற்றி எடுத்து, பூதக்கண்ணாடி இல்லாமல் ஓட்டைக்குள் இறக்கிவிடுவார். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அதே வேலை, அதே மேஜை, அதே குட்டி விளக்கு. கை சுத்தம். பேச்சும் அளந்துதான் வரும். இப்படிப்பட்ட மனுஷன் ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, "பின்னாடி வர்றான், குனிடா மாப்ளே, குனி!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார் என்றால் கடையில் ஒருத்தரும் நம்பமாட்டார்கள். அவரும் யாரிடமும் சொல்லிக்கொண்டதில்லை.

மாப்ளே என்பது மனைவியின் தம்பி. அப்பா அம்மா போன பிறகு அக்கா வீட்டில்தான் வளர்ந்தான். பிள்ளை இல்லாத வீட்டுக்கு அவன் பிள்ளையாக வந்தான் என்று சொந்தக்காரர்கள் உருகுவார்கள். எதைக் கேட்டாலும் "ம்" என்கிற பையனும், எதையுமே கேட்காத மாமாவும் ஒரே அறையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்த அழகை அவர்கள் பார்த்ததில்லை. பிறகு யாரோ கைமாற்றிவிட்ட ஒரு கம்ப்யூட்டர் வீட்டுக்கு வந்தது. அதில் ஒரு சுடுகிற விளையாட்டு. இவர் ஒரு ஆட்டம், அவன் ஒரு ஆட்டம் என்று மாறி மாறி ஆடியதில் இரண்டு பேருக்கும் வாய் திறந்தது.

அவன் படித்து முடித்து, வேலை கிடைத்து, வெகு தூரத்து ஊருக்குப் போனான். அங்கே தனக்கென்று ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக்கொண்டான். அதிலிருந்து இவர்கள் ஒரே அணி. போனில் பேசினால் "சாப்டியா?", "சாப்டேன் மாமா", "இந்தா, அக்காகிட்ட குடுக்கறேன்" என்பதோடு முடிந்துவிடும். உருப்படியான பேச்செல்லாம் விளையாட்டுக்குள்தான். மேலதிகாரியிடம் திட்டு வாங்கியதை ஒரு இடிந்த சுவருக்குப் பின்னால் பதுங்கியபடி சொன்னான். "எனக்குப் பொண்ணு பாக்க வேணாம்னு அக்காகிட்ட சொல்லிடுங்க, நானே பாத்துட்டேன்" என்று சொன்னது எதிரியின் கூரைமேல் ஏறும்போது. அந்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் நின்றுபோனால் அவனும் பழையபடி "ம்" ஆகிவிடுவான் என்று திருகாணிக்கு உள்ளூரப் பயம். வேறு எந்த ஆசையும் பெரிதாக இல்லாத மனுஷனுக்கு அந்த ஒன்று போதுமானதாக இருந்தது.

கோளாறு எப்போது ஆரம்பித்ததென்று அவருக்கே சரியாகத் தெரியாது. எதிரி கண்ணில் படுவான், இவர் மௌஸை அழுத்துவார், துப்பாக்கி கொஞ்சம் யோசித்துவிட்டுச் சுடும். அதற்குள் எதிரி இவரைத் தீர்த்துக்கட்டியிருப்பான்.

"மாமா, தூங்கிட்டீங்களா?"

"நான் அப்பவே அமுக்கிட்டேன்டா. இதுதான் லேட்டா சுடுது."

"உங்க சிஸ்டத்துக்கு வயசாயிடுச்சு மாமா. உள்ளுக்குள்ள எல்லாத்தையும் மாத்துங்க."

கூடத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி விடவில்லை. "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். ஹெட்செட்டுக்குள் தம்பி சிரித்தான், இங்கே அக்கா சிரித்தாள், நடுவில் மாட்டிக்கொண்ட இவரும் சிரித்துவைத்தார்.

மச்சான் சொன்னதில் நியாயமும் இருந்தது. அந்தக் கம்ப்யூட்டரின் பக்கத் தகட்டைக் கழற்றிப் பல காலமாயிற்று. சூடு தாங்காமல் படுத்துவிடும் என்று ஒரு டேபிள் ஃபேன் எந்நேரமும் அதன் வயிற்றைப் பார்த்துச் சுற்றிக்கொண்டிருக்கும். வீட்டு மனிதர்களுக்கு வியர்த்தால் கைவிசிறிதான். சுவிட்சைப் போட்டுவிட்டுக் குளிக்கப் போனால், தலை துவட்டிக்கொண்டு வரும்போதுதான் அது கண் திறக்கும்.

அவர் பார்ட்ஸ் பார்க்கத் தொடங்கினார். மதியச் சாப்பாட்டு வேளையில் போனை டிபன் பாக்ஸில் சாய்த்துவைத்து, எந்தக் கிராஃபிக்ஸ் கார்டு உசத்தி என்று யார் யாரோ சண்டை போடுகிற வீடியோக்களைப் பார்த்தார். பழைய ரகத்தில் பெரிய கார்டா, புது ரகத்தில் சின்ன கார்டா? கண்ணாடி வாங்க வருகிறவர்கள் ஒரு பிரேமுக்கும் இன்னொரு பிரேமுக்கும் நடுவில் தவிக்கும்போது அவருக்கு எரிச்சலாக வரும். இப்போது அவரே வாரக்கணக்காகத் தவித்தார். உண்மையைச் சொன்னால், அந்தத் தவிப்பு அவருக்குப் பிடித்திருந்தது.

கம்ப்யூட்டர் கடை ஒரு சந்தில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது. உயிர்போன பெட்டிகள் சுவரோரம் அடுக்கியிருக்கும். கடைக்காரர் வாய் ஓயாதவர்.

"வேகத்துக்கா சார், அழகுக்கா?"

"லேட்டாகுது. அமுக்கினா அப்புறம்தான் சுடுது."

"அப்ப கார்டுதான். கண்ணை மூடிக்கிட்டுப் போடுங்க."

கார்டு வந்தது. அதற்குப் பழைய பவர் சப்ளை போதவில்லை, அதை மாற்றினார். அப்படியும் துப்பாக்கி யோசித்துத்தான் சுட்டது. பிராசசர்தான் கார்டைப் பிடித்து இழுக்கிறது என்றார் கடைக்காரர். புதுப் பிராசசருக்குப் பழைய மதர்போர்டு பொருந்தாது. புது மதர்போர்டுக்குப் பழைய ரேம் சேராது. வாலு போய்க் கத்தி வந்தது டும் டும் டும் என்று குரங்கு பாடின கதையாக, ஒன்று போய் ஒன்று வந்துகொண்டே இருந்தது. ஒவ்வொன்றும் வந்த அன்று, "இப்ப பரவால்ல மாப்ளே, நல்லா வித்தியாசம் தெரியுது" என்பார். அடுத்த வாரமே முதல் ஆளாகச் செத்து, ஆட்டம் முடிகிறவரை மச்சான் தனியாக ஓடுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

இதற்கிடையில் கடையிலும் ஒரு தொல்லை. திருகாணிகள் விரலில் நிற்காமல் கீழே விழுந்தன. டார்ச்சை வைத்துக்கொண்டு தரையில் தவழ்ந்து தேடுவார். "புது சரக்கு சரியில்லம்மா. வழவழன்னு இருக்கு" என்று முதலாளியம்மாவிடம் புகார் சொன்னார். அந்தம்மா நல்லவள், நம்பி வேறு இடத்தில் வாங்கிப் போட்டாள். அதுவும் விழுந்தது. வீட்டில் பொத்தான் வைத்த சட்டைகள் மடிப்புக் கலையாமல் அலமாரியிலேயே கிடந்தன. டி-ஷர்ட்தான் உடம்புக்குக் காற்றோட்டம் என்று யாரும் கேட்காமலே விளக்கம் சொன்னார்.

மனைவி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கிறார். சாவியை இடது கையால் திருப்புகிறார்.

"என்னங்க, ஒரு டாக்டரைப் பாத்துட்டு வந்துடலாமா?"

"கம்ப்யூட்டருக்கு டாக்டரா?"

"நான் உங்க கையைச் சொல்றேன்."

"கைக்கு என்ன கேடு? மௌஸ்தான் சரியில்ல. அதை மாத்தினா எல்லாம் சரியாயிடும்."

மௌஸையும் மாற்றினார். பிறகு கீபோர்டு, பிறகு ஹெட்செட். தெரியாமலா இருந்தது அவருக்கு? பாதி தெரிந்துதான் இருந்தது. மீதியைக் கடை கடையாகத் தேடிக்கொண்டிருந்தார்.

கடைசியில் கம்ப்யூட்டர் கடைக்காரருக்கே பொறுமை போய்விட்டது. "பெட்டியை இங்க தூக்கிட்டு வாங்க சார். என்னதான் ஆகுதுன்னு ஒரு கை பாத்துடுவோம்" என்றார். மனைவியும் திருகாணியுமாகப் பிடித்துக் கொண்டுபோய் இறக்கினார்கள். மனைவி வேலைக்கு நேரமாயிற்று என்று கிளம்பிவிட்டாள். கடைக்காரர் தன் மானிட்டரில் இணைத்து, விளையாட்டைத் திறந்தார்.

"எங்க தொழில்ல ஒரே வழிதான் சார். ஒவ்வொண்ணா மாத்திப் பாக்கணும். மாத்தினதும் சரியானா பழுது அதுல இருக்கு. ஆகலைன்னா அதுமேல குத்தமில்ல, அடுத்ததுக்குப் போகணும். இப்ப பாருங்க."

கடைக்காரர் அழுத்தினார். துப்பாக்கி உடனே சுட்டது. மறுபடி அழுத்தினார். மறுபடி உடனே சுட்டது.

"நினைச்ச மாத்திரத்துல சுடுதே சார். நீங்க அமுக்குங்க."

திருகாணி உட்கார்ந்தார். எதிரி தெரிந்தான். அழுத்தினார். எதிரி சுட்டான், திரை சிவந்தது.

"இன்னொரு தடவை."

இந்த முறை கடைக்காரர் திரையைப் பார்க்கவில்லை. திருகாணியின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மெதுவாக, "சார், மௌஸை இடது கைக்கு மாத்திப் பாருங்க" என்றார்.

ஒரு நாளும் மௌஸ் பிடித்துப் பழகாத இடது கை. குறி எங்கேயோ போயிற்று. ஆனால் அழுத்திய அந்தக் கணமே துப்பாக்கி சுட்டது. அவர் மறுபடி அழுத்தினார். சுட்டது.

"பெட்டிக்குள்ள எல்லாத்தையும் மாத்தியாச்சு சார்" என்றார் கடைக்காரர். "இனிமே..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் ஒயர்களைச் சுருட்டத் தொடங்கினார்.

நரம்பு டாக்டர் அம்மா சின்ன வயதுக்காரி. ஊசிகளைக் குத்தி, மின்சாரம் விட்டு, கையை இழு, தள்ளு என்று சோதித்து, ரிப்போர்ட்டுகளை எல்லாம் விரித்துவைத்துக்கொண்டு பேசினாள். பக்கத்து நாற்காலியில் மனைவி.

"எந்த எடத்துல போயிருக்கு டாக்டர்?" என்று கேட்டார் திருகாணி.

"மூளையிலிருந்து கைக்கு உத்தரவு கொண்டுபோற நரம்பு. அது கொஞ்சம் கொஞ்சமா செத்துக்கிட்டு வருது."

"அதை மாத்திடலாமா?"

டாக்டர் ரிப்போர்ட்டிலிருந்து நிமிர்ந்து அவரைப் பார்த்தாள். அந்தக் கேள்வியை இத்தனை சாதாரணமாக யாரும் கேட்டிருக்கமாட்டார்கள்.

"மாத்த முடியாதுங்க. அது பரவற வேகத்தைக் கொஞ்சம் குறைக்க மாத்திரை தரேன்."

இன்னொரு கைக்கும் வரும், காலுக்கும் வரும், பிறகு பேச்சுக்கும் விழுங்குவதற்கும் வரும் என்று அவள் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்தது. மனைவி ஒவ்வொன்றுக்கும் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். வெளியே வந்ததும் அவள் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான்தான் கூடம் கோணல்னு கேலி பண்ணேன்" என்று முந்தானையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதாள். "பாவி, என் வாயிலதான் அது வரணுமா?"

"விடு. கூடம் நேராத்தான் இருந்துச்சு. நீ சொன்னது சரிதான்."

அவர் அதைச் சிரிக்கவைக்கத்தான் சொன்னார். அவள் இன்னும் சத்தமாக அழுதாள்.

கடையில் அவர் மேஜைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. முதலாளியம்மா அவரை வாசல்பக்க நாற்காலியில் உட்காரவைத்து, வருகிறவர்களைக் கவனித்துக்கொள்ளச் சொன்னாள். பெரிய மனசு, ஆனால் எத்தனை நாளைக்கு? வீட்டில், உள்ளே எல்லாம் மாறிப் புதிதாகிவிட்ட கம்ப்யூட்டர் சுவிட்சைத் தொட்டதுமே விழித்துக்கொண்டது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்பார்கள். அவருக்கு அந்த வேகத்தைப் பார்க்கப் பார்க்க வயிறு எரிந்தது. சாவுக்குப் பயமில்லை என்று பீற்றிக்கொள்ளும் ரகமல்ல அவர். பயந்தார். அதைவிட, தனக்கு முன்னால் தன் குரல் போய்விடும் என்பதை நினைத்து நினைத்துப் பயந்தார். பேச முடியாத மாமாவும் "ம்" போடுகிற மச்சானும் மறுபடி எதிரெதிரே உட்காரவேண்டியதுதானா?

"அவன்கிட்ட சொல்லிடாத" என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். "தெரிஞ்சா விளையாடமாட்டான். ஓடி வந்து பக்கத்துல உக்காந்து அழுவான். அழறதுக்கு நீ ஒருத்தி போதும்."

சரி என்றுதான் அவளும் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்து உட்கார்ந்தார். ஆட்டம் தொடங்கியது. வழக்கமாக மச்சான் கயிறு அறுத்த காளையாக ஓடிவிடுவான். இன்று ஓடவில்லை. இவர் நின்றால் நின்றான், நகர்ந்தால் நகர்ந்தான். ஒரு திருப்பத்தில் எதிரி வந்தபோது இவர் முன்னால் வந்து நின்று, சுட்டு, தானும் குண்டு வாங்கினான்.

"என்னடா இது? முன்னாடி போடா."

"பரவால்ல மாமா. சேர்ந்தே போவோம்."

அடுத்த திருப்பத்திலும் அப்படியே. இவர் தவறவிட்ட எதிரியை அவன் தீர்த்தான். தூங்கிட்டீங்களா என்று கேட்கவில்லை. எந்தக் கிண்டலும் இல்லை. இவனா இத்தனை மரியாதைக்காரன்?

"குரல் என்னடா அடைச்சிருக்கு?"

"சளி மாமா."

சமையலறையில் பாத்திரம் தேய்க்கிற சத்தம் நின்றிருந்தது. அவர் திரும்பிப் பார்த்தார். மனைவி வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இவர் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டாள். சொல்லிவிட்டாள். கோபம் வரும் என்று காத்திருந்தார், வரவில்லை. அவளும்தான் யாரிடம் போய்ச் சொல்லி அழுவாள்?

திரையில் இரண்டு சிப்பாய்களும் சுவரோரம் பக்கத்தில் பக்கத்தில் நின்றிருந்தார்கள். இரண்டு பேரும் சுடவில்லை.

"மாப்ளே" என்றார். "இன்னும் லேட்டாத்தான்டா சுடுது."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"மானிட்டர் மாமா. அது பழசு. அதை நாம மாத்தவே இல்லல்ல?"

"ஆமாண்டா. அதை மாத்தல."

"நான் ஒண்ணு பாத்து வெச்சிருக்கேன். வாங்கி அனுப்பறேன்."

"வளைஞ்சதா, தட்டையா?"

"வளைஞ்சது நல்லாருக்கும் மாமா."

"வளைஞ்சா ஓரத்துல ஆள் நெளிஞ்சு தெரியமாட்டான்?"

"பழகிடும் மாமா. பெரிசாவே எடுத்துடலாம்."

"மேஜை பத்துமா? அளந்து சொல்லட்டுமா?"

"அளந்து சொல்லுங்க."

அவர் கேட்டுக்கொண்டே போனார். மானிட்டர் நிற்கிற கால் எப்படி இருக்கும், ஒயர் கூடவே வருமா, கண் கூசுமா, எல்லாவற்றையும் கேட்டார். மச்சான் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். வலது கை மௌஸ் மேல் சும்மா கிடந்தது. கேட்பதற்கு இனி ஒன்றுமில்லை என்று ஆனபோது, "அதைப் போட்டா சரியாயிடுமாடா?" என்றார்.

"கண்டிப்பா சரியாயிடும் மாமா."

நன்றாகத்தான் கேட்டது. ஹெட்செட்டும் புதுசுதான்.

"காதுல சரியா விழல மாப்ளே" என்றார். "இன்னொரு தடவை சொல்லு."